எழுதும் முதுகு

1912 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு பத்து மணிக்கு, ப்ராக் நகரத்தில், காஃப்கா மேசைமுன் உட்கார்ந்தார். மறுநாள் காலை ஆறு மணிக்குத் ‘தீர்ப்பு’ கதை முடிந்திருந்தது. எட்டு மணி நேரம், ஒரே இருப்பு. அந்த இரவைப் பற்றி அவர் நாட்குறிப்பில் எழுதியது நவீன இலக்கிய வாசகர்களுக்கு நன்கு பழக்கமான பத்தி. எழுதுவதென்றால் இப்படி ஒரே ஓட்டமாக, உடலும் ஆன்மாவும் முழுதாகத் திறந்துகொள்ளும்படி எழுத வேண்டும் என்ற பொருளில் அதில் வரும் வாக்கியம் நம் இலக்கியக் கூட்டங்களிலும் ஒலித்திருக்கிறது. அதே பத்தியில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. உட்கார்ந்தே இருந்ததில் கால்கள் விறைத்துப்போய், மேசைக்கு அடியிலிருந்து அவற்றை வெளியே எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது என்கிறார். இந்தப் பகுதியை யாரும் மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆன்மாவை மேற்கோள் காட்டிவிட்டுக் கால்களை விட்டுவிடுவது நம் வழக்கம். காஃப்காவையே நாம் ஒரு நோயாளியாகத்தான் மனத்தில் வைத்திருக்கிறோம்: ஒட்டிய கன்னம், பெரிய கண், இருமல். ஆனால் அதே ஆண்டு நவம்பர் முதல் தேதி, காதலி ஃபெலிஸ் பவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் தன் நாளை மணிக்கணக்காகப் பிரித்துச் சொல்கிறார். பிற்பகல்வரை அலுவலகம், பிறகு உறக்கம், மாலை ஏழரைக்கு ஜன்னலைத் திறந்துவைத்து ஆடையில்லாமல் பத்து நிமிட உடற்பயிற்சி, அதன்பின் ஒரு மணி நேர நடை, வீட்டாரோடு சாப்பாடு, இரவு பத்தரைக்குமேல் எழுத்து. ஜே. பி. முல்லர் என்ற டென்மார்க்காரர் நாளைக்குப் பதினைந்தே நிமிடம் போதும் என்று சொல்லி 1904இல் வெளியிட்ட உடற்பயிற்சிப் புத்தகம் அப்போது ஐரோப்பா எங்கும் விற்றுக்கொண்டிருந்தது. அந்தப் பயிற்சியைத்தான் காஃப்கா செய்தார். நீந்தினார், படகு வலித்தார். பகல் வேலையோ தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில். மரம் இழைக்கும் எந்திரம் தொழிலாளியின் விரல்களை எப்படி வெட்டுகிறது, எந்த அமைப்பை மாற்றினால் விரல் தப்பும் என்று படம் போட்டு அறிக்கை எழுதியவர் அவர். வேலை உடம்பை என்ன செய்கிறது என்பது அவருக்கு அலுவலகப் பாடம்.

இத்தனை செய்தும் 1917இல் அவருக்குக் காசநோய் இருப்பது தெரிந்தது. 1924இல், நாற்பதாவது வயதில், இறந்துபோனார். அப்படியானால் அந்தப் பத்து நிமிடத்துக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் உடற்பயிற்சியை ஒரு ஒப்பந்தமாகப் பார்க்கிறவர்கள். இவ்வளவு கொடுத்தேன், இத்தனை வருடம் கொடு என்று கேட்பவர்கள். காசநோய்க் கிருமி அந்தப் பேச்சுவார்த்தையில் கலந்துகொள்வதில்லை. உடம்பைப் பேணுவதன் நியாயத்தை ஆயுள் கணக்கில் தேடினால் எதிர் உதாரணம் எப்போதும் கிடைக்கும். நான் தேட விரும்புவது வேறிடத்தில்: நாளை காலை மேசைக்கு எந்த உடம்போடு போய் உட்காரப்போகிறோம் என்பதில்.

தமிழில் இந்தப் பேச்சை எடுத்தாலே குறுக்கே ஒரு வரிசை வந்து நிற்கும். பாரதி 38 வயதில் போனார். கு.ப. ராஜகோபாலனும் புதுமைப்பித்தனும் 42இல். கல்கி 55இல். அற்பாயுளும் மேதைமையும் ஒன்றையொன்று தேடி வரும் என்பதுபோல இந்த வயதுகளை ஒப்பித்து வளர்ந்தோம். கண் பார்வை மங்கிய காலத்தில் கு.ப.ரா. சொல்லச் சொல்லத் தங்கை சேது அம்மாள் எழுதியதும், பிறகு அவர் கால்கள் அழுகியதும் நமக்கு ஒரு தியாகக் கதையின் காட்சிகள். இந்த வரிசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு காலை நடை, கொழுப்பு, சர்க்கரை என்று பேசுகிறவன் ஓய்வுபெற்ற அதிகாரியாகத் தெரிவான். கலைஞன் உடம்பைக் கவனித்துக்கொள்வது ஒருவகைக் குமாஸ்தாத்தனம் என்ற எண்ணம் சிறுபத்திரிகை உலகில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத கொள்கை.

அந்த வரிசையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அவர்களில் யாரையும் எழுத்து கொல்லவில்லை. பாரதியைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. புதுமைப்பித்தனையும் கல்கியையும் காசநோய். கையில் காசில்லாததும், மருந்து இல்லாததும், இருந்த மருந்து வந்து சேராததும்தான் மிச்சக் காரணங்கள். காசநோய்க்கு முதல் சரியான மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. புதுமைப்பித்தன் இறந்தது 1948இல். சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம் சில ஆண்டுகளில் உலகத்துக்கே ஒரு செய்தி சொன்னது: மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் நெரிசலான ஏழை வீட்டில் இருந்தபடியே இந்த நோய் குணமாகும், மலைமேல் சானடோரியம் தேவையில்லை. கவிஞர்களின் நோய் என்று ஐரோப்பா பாடிய நோய் சேத்துப்பட்டில் மாத்திரைக் கணக்காக மாறியது. அதோடு அந்த ஒளிவட்டமும் அணைந்திருக்க வேண்டும். அணையவில்லை. அதை எடுத்து நம் தலையில் மாட்டிக்கொண்டோம்.

நம் நோய்கள் வேறு. சர்க்கரை, ரத்த அழுத்தம், கழுத்து எலும்புத் தேய்வு, முதுகுத் தட்டு பிதுங்குவது, தோள்பட்டை இறுகுவது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வந்தபோது, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. இதில் எழுத்தாளனுக்கென்று தனி இடம் ஒன்றும் இல்லை. வங்கி ஊழியர், மென்பொருள்காரர், டிடிபி ஆபரேட்டர், படத்தொகுப்பாளர், வரைகலைஞர், மெய்ப்புத் திருத்துபவர் எல்லோருக்கும் வருவதுதான் நமக்கும் வருகிறது. முன்னோர் வறுமையால் பெற்ற நோயின் மரியாதையை, நாற்காலியால் பெற்ற நோய்க்கு நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நாற்காலியின் குற்றப்பத்திரிகை பழையது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமஸ்ஸினி தொழில்கள் தரும் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் வெளியிட்டார். தொழிலாளியிடம் நாடி பார்ப்பதற்குமுன் உன் தொழில் என்ன என்று கேள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர். 1713இல் விரிவாக்கிய பதிப்பில் எழுத்தர்களுக்கும் பத்திரம் எழுதுவோருக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அவர்களின் துன்பத்துக்கு மூன்று காரணங்கள்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைத்துக்கொண்டிருப்பது, பிழை வந்துவிடக் கூடாதே என்று மனம் இறுகியே இருப்பது. அவருக்குத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தருக்கு முதலில் கை முழுக்கச் சோர்வு, எந்த மருந்துக்கும் அடங்கவில்லை, கடைசியில் வலக்கை விழுந்தேவிட்டது. மனிதர் விடவில்லை, இடக்கையால் எழுதப் பழகினார். கொஞ்ச நாளில் அந்தக் கைக்கும் அதே நோய் வந்தது.

முந்நூறு வருடத்துக்குப் பிறகும் அந்த மூன்று காரணங்களோடு சேர்க்க நாலாவதாக எதுவும் பெரிதாக இல்லை. திரையை வெறிப்பதில் கண் இமைப்பது குறைந்து காய்ந்துபோவதை வேண்டுமானால் சேர்க்கலாம். எனக்கு மூன்றாவது காரணம்தான் முக்கியமாகப் படுகிறது. முதுகு வலியை நாற்காலியின் உயரத்தோடு முடித்துவிடுகிறோம். ஒரு வாக்கியம் வராமல் நிற்கும்போது தோள்கள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருப்பதை யாராவது தொட்டுச் சொன்னால்தான் தெரிகிறது. மூச்சு மேலேயே நின்றிருக்கும். பல் கடித்திருக்கும். உடம்பு சும்மா இருப்பதாக நாம் நினைக்கும் நேரத்தில் அது பாரம் தூக்குகிறவனைப் போல இறுகியிருக்கிறது. தூக்குகிறவனுக்காவது இறக்கிவைக்கும் ஒரு கணம் உண்டு.

தமிழில் எழுத்து எப்போதும் நாற்காலியோடு கட்டுண்டிருந்ததில்லை. ஓலையில் எழுத மேசை வேண்டாம். இடக்கையில் ஓலை, வலக்கையில் எழுத்தாணி. ஆணியை இடக்கைக் கட்டைவிரல் தாங்கி நகர்த்தும், அதற்காக நகத்தில் பள்ளம் வெட்டிக்கொண்டவர்களும் உண்டு. நின்றுகொண்டும் எழுதலாம். அதைவிட முக்கியம், பாட்டுக் கட்டுகிறவரும் எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதினார்கள். அவருடைய தலபுராணங்கள் பல அப்படித்தான் பிறந்தன. ஆக்கம் வாயில் நடந்தது. கையும் முதுகும் வேறொருவருடையவை. அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஏடெழுதிய கையின் வலியை யாரும் பாடவில்லை, அவ்வளவுதான். ஆனால் யோசிப்பதும் பதிவதும் இரண்டு வேலைகள் என்பதை அந்த ஏற்பாடு தெளிவாகக் காட்டிவிடுகிறது. காகிதமும் பேனாவும், பிறகு கணினியும் இரண்டையும் ஒரே நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டன. பதிவதற்கு மட்டும் வேண்டிய இருப்பை யோசிப்பதற்கும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்று விற்பனைக்கு வரும் நின்று வேலை செய்யும் மேசைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அச்சுக்கோப்பவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். கணினி வரும்வரை தமிழின் பெரும்பாலான புத்தகங்கள் நின்றபடிதான் உருவாயின. எழுத்துப் பெட்டிகளுக்கு எதிரே, இடக்கையில் கம்போசிங் ஸ்டிக்கோடு, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, காலை முதல் இரவு வரை நின்றார்கள். பக்கத்து மூலையில் டிரெடில் அச்சு எந்திரத்தைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தவருக்கு உட்கார்ந்திருக்கும் நோய் வர வழியே இல்லை. ஆனால் அந்தக் கூடத்திலிருந்து ஆரோக்கியம் வெளியே வரவில்லை. நரம்பு சுருண்டு புடைத்த கெண்டைக்கால்கள் வந்தன, ஈயத் தூசி போன நுரையீரல்கள் வந்தன. 1980களின் பிற்பகுதியில் டிடிபி என்ற கணினி அச்சுக்கோப்பு வந்தபோது அந்தப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. அதே வேலையை இளைஞர்களும் பெண்களும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செய்யத் தொடங்கினார்கள். நின்றவர்களின் நோய் போய் உட்கார்ந்தவர்களின் நோய் வந்தது. அசையாமல் நிற்பது அசையாமல் உட்கார்வதற்கு மாற்று ஆகாது. ஹெமிங்வே கியூபாவில் புத்தக அலமாரியின் மேல்தட்டில் தட்டச்சுப் பொறியை வைத்து நின்றுகொண்டு எழுதினார் என்பதைக் கேட்டு மேசை வாங்கப் போகிறவர்கள், ஒரு பழைய அச்சுக்கோப்பாளரின் காலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம்.

அசைவுதான் விஷயம் என்பதை லண்டன் பேருந்துகள் காட்டின. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் தன் குழுவோடு 1953இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. இரட்டை மாடிப் பேருந்தின் ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வர்க்கம், ஏறக்குறைய ஒரே சம்பளம், ஒரே ஊர்க் காற்று. ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். நடத்துநர் மாடிப்படியை நாளைக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். மாரடைப்பு நடத்துநர்களுக்குக் கணிசமாகக் குறைவு. வந்தாலும் அதில் உயிர்போவது குறைவு. நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்த தபால்காரரையும் உட்கார்ந்து வேலை செய்த அஞ்சல் துறை எழுத்தரையும் ஒப்பிட்டபோதும் அதே கதை. மோரிஸ் அதோடு நிற்காமல் சீருடை தைத்த அளவுகளைத் தேடிப் பிடித்தார். ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு வேலையில் சேரும்போதே கூடுதலாக இருந்தது. தன் முடிவைத் தானே சந்தேகிக்கும் இந்தக் குணம்தான் அந்த ஆய்வின் மேல் எனக்கு நம்பிக்கை தருகிறது. (நம் மாநகரப் பேருந்தில் நடத்துநர் இருக்கையை விட்டு எழாமல், காசு பத்துக் கை மாறி அவரிடம் போய் டிக்கெட்டாகத் திரும்பி வருவதை மோரிஸ் பார்க்கவில்லை.)

பிறகு வந்த ஆய்வுகள் இரண்டு தனித்தனிச் செய்திகளைச் சொல்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2016இல் ‘லான்செட்’டில் வந்த ஆய்வு, நாளைக்கு எட்டு மணி நேரத்துக்குமேல் உட்கார்பவர்களுக்குக் கூடும் மரண அபாயம், தினமும் 60 முதல் 75 நிமிடம் வேகமாக நடப்பது போன்ற உழைப்பு இருந்தால் ஏறக்குறைய இல்லாமல் போகிறது என்றது. இது மொத்தக் கணக்கு. இன்னொன்று இடைவெளிக் கணக்கு. 2023இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 11 பேரை மட்டும் வைத்துச் செய்த சின்னப் பரிசோதனையில், அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தாலே சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது, நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதோடு ஒப்பிட, 58 சதவீதம் குறைந்தது. காரணம் தசையில் இருக்கிறது. சுருங்கி விரியும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். உட்கார்ந்ததும் தொடையும் கெண்டையும் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடுகின்றன. முதுகெலும்புத் தட்டுகளுக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. அக்கம்பக்கத்திலிருந்து கசிந்து வரும் ஊட்டத்தை நம்பித்தான் அவை உயிரோடு இருக்கின்றன, அந்தக் கசிவுக்கு அசைவு உதவுகிறது. காலையில் ஒரு மணி நேரம் கடற்கரையில் வேர்க்க வேர்க்க நடந்துவிட்டு, பிறகு பகல் முழுக்க அசையாமல் உட்கார்கிறவர் முதல் கணக்கில் தேறுகிறார், இரண்டாவதில் தேறுவதில்லை.

அரை மணிக்கு ஒருமுறை எழுவதா, பிடித்த சரடு அறுந்துபோகாதா என்பதுதான் எழுதுகிறவர்கள் உடனே கேட்பது. நியாயமான கேள்வி. ‘தீர்ப்பு’ ஒரே இருப்பில் வந்த கதைதானே. ஆனால் காஃப்காவுக்கே அப்படிப்பட்ட இரவுகள் அபூர்வம். அதைப் பற்றி அவ்வளவு பரவசத்தோடு எழுதியதே அதனால்தான். மற்ற நாட்களில் நாம் சரடு என்று சொல்லிக்கொள்வதில் பெரும்பங்கு, வராத வாக்கியத்துக்கு எதிரே பிடிவாதமாக உட்கார்ந்திருப்பது. ஹெமிங்வேயிடமிருந்து மேசையைவிடப் பயனுள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும் இடத்தில்தான் அவர் அன்றைய வேலையை நிறுத்துவார். முட்டி நிற்கும் இடத்தில் எழுந்தால் திரும்பி வர மனம் வராது. அடுத்த வரி கையில் இருக்கும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால், அந்த வரியே நம்மைத் திரும்ப அழைத்து வரும். பல நேரம் இன்னொரு வரியையும் கூட்டிக்கொண்டு.

நடை யோசனையைக் கிளப்பும் என்பதை மெய்யியல்காரர்களும் கவிகளும் எப்போதும் சொல்லிவந்திருக்கிறார்கள். டார்வின் தன் வீட்டுத் தோட்டத்தை ஒட்டி மணல் பாதை ஒன்று போட்டு, சுற்றுகளை எண்ணக் கற்களைக் குவித்துவைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றைத் தட்டிவிட்டு நடந்தார். 2014இல் ஸ்டான்ஃபோர்டில் மேரிலி ஒப்பெஸ்ஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் செய்த சோதனைகள் இந்தப் பழைய நம்பிக்கைக்கு ஒரு திருத்தம் தந்தன. நடக்கும்போது புதிய யோசனைகள் கூடுதலாக வந்தன. பூங்காவும் மரமும் வேண்டியதில்லை, வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தாலும் வந்தன. ஆனால் ஒரே சரியான விடையைக் கண்டுபிடிக்க வேண்டிய சொற்புதிரில் நடை உதவவில்லை, கொஞ்சம் இடைஞ்சல்கூடச் செய்தது. இது எழுத்து வேலையை இரண்டாகப் பிரிக்க ஒரு வழி காட்டுகிறது. கட்டுரைக்கு எது தொடக்கம், இந்தப் பாத்திரம் ஏன் ஊரைவிட்டுப் போகிறாள், எந்தப் பகுதியை வெட்டலாம் என்பதெல்லாம் நடக்கும்போது யோசிக்க வேண்டியவை. ஒற்று மிகுமா மிகாதா, ஆண்டு சரியா, மெய்ப்பில் எழுத்து விட்டுப்போயிருக்கிறதா என்பவை உட்கார்ந்து பார்க்க வேண்டியவை. இரண்டாவதுக்கு நாற்காலி வேண்டும்தான். முதலாவதையும் நாற்காலியிலேயே முடித்துவிட முயல்வதில்தான் நேரமும் முதுகும் ஒன்றாகப் போகின்றன.

இப்படிப் பிரித்துக்கொண்டால் மற்றவை சின்னச் சின்ன ஏற்பாடுகள். முதல் வரைவை அச்செடுத்து மொட்டை மாடியில் நடந்துகொண்டே உரக்கப் படிப்பது. காதுக்கு இடறும் வாக்கியம் காலுக்கும் இடறும். நீண்ட தொலைபேசிப் பேச்சை நின்று நடந்தே பேசுவது. தண்ணீர் சொம்பை மேசையில் வைக்காமல் அடுப்படியில் வைப்பது. மடிக்கணினியின் திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை என்பதால், திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினால் கை அந்தரத்தில் நிற்கும், கையைத் தாழ்த்தினால் கழுத்து தொங்கும். தனி விசைப்பலகை ஒன்று வாங்கிக்கொண்டு, கணினியை நாலைந்து கனமான அகராதிகளின்மேல் ஏற்றிவிடலாம். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருப்பது நம் வீடுகளில் சோபா வரும்வரை எல்லா வயதினரும் நாளைக்குப் பலமுறை செய்த பயிற்சி. இவற்றில் எதற்கும் மன உறுதி அதிகம் தேவைப்படாது. அதுதான் இவற்றின் சிறப்பு. மன உறுதியை எழுத்துக்கென்று மிச்சம் வைக்க வேண்டும்.

எழுத்தோடு நடையும் சேர்ந்தே இருந்த வாழ்க்கைகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. உ.வே. சாமிநாதையர் ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார், பாதி இரவுவரை உட்கார்ந்து பாடபேதம் பார்த்தார், 87ஆம் வயது வரை வாழ்ந்தார். ‘எழுத்து’ இதழை நடத்திய சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். எண்பதைத் தாண்டிய வயதில் ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகங்களாகக் கொண்டுவந்தார். இவர்கள் நடந்ததால் நெடுநாள் வாழ்ந்தார்கள் என்று நான் சொன்னால், நடந்தும் நாற்பதில் போன காஃப்காவை நீங்கள் எடுத்துக் காட்டலாம். ஒரு தனி வாழ்க்கையிலிருந்து விதி எதுவும் எடுக்க முடியாது. செல்லப்பாவுக்கு அந்த நடை உடற்பயிற்சியும் இல்லை. வேறு வழியில்லாத இலக்கிய விநியோகம். நான் கவனிப்பது ஒன்றைத்தான்: அவர்களுடைய அலைச்சல் இலக்கியத்துக்கு வெளியே இருக்கவில்லை. இலக்கிய வேலையின் ஒரு பகுதியாகவே உடம்பு அசைந்தது.

இந்த இடத்தில் அறிவுரை சொல்கிறவர்கள் வழக்கமாக மறக்கும் சிலரைச் சொல்ல வேண்டும். நடப்பது எல்லோருக்கும் ஒன்றுபோல் கிடைப்பதல்ல. நடைபாதையில் பைக் நிற்கும் நகரத்தில், பத்து மணிக்கே தார் கொதிக்கும் ஊரில், தெருநாய்க்கும் பார்வைகளுக்கும் பயந்து தன் வீட்டு மாடியிலேயே எட்டுப் போட்டு நடக்கிறாள் ஒரு பெண். அவள் எழுதுகிறவளாக இருந்தால், சமையலறையில் நின்ற நேரம் முடிந்த பிறகுதான் உட்கார்ந்து எழுதும் நேரம் தொடங்குகிறது. ஆண் எழுத்தாளனுக்குத் தேவை எழுந்திருப்பது. அவளுக்கு முதல் தேவை உட்கார இடமும் நேரமும். ஆர். சூடாமணி இளமையில் வந்த அம்மையால் உடல் வளர்ச்சி பாதிக்கப்பட்டு, வீட்டிலேயே படித்து, பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே வாழ்ந்து, நூற்றுக்கணக்கான சிறுகதைகள் எழுதினார். நடக்காதவருக்கு யோசனை வராது என்று எந்த ஆய்வும் அவரிடம் போய்ச் சொல்ல முடியாது. உடம்பைப் பேணுவது என்றால் அவரவர் உடம்பைத் தெரிந்து பேணுவதுதான். சிலருக்கு அது நடை, சிலருக்கு நாற்காலியிலேயே தோளைச் சுழற்றுவது, சிலருக்கு வலி வருமுன் நிறுத்திக்கொள்வது.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் நடக்காததற்குச் சோம்பலைக் குற்றம் சொல்லிப் பழகிவிட்டோம். நான் கூலிமுறையைப் பார்க்கச் சொல்வேன். மெய்ப்புத் திருத்துபவருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு, மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்லுக்கு இவ்வளவு, படத்தொகுப்பாளருக்கு வெளியீட்டுத் தேதிக்குள் முடித்தால் இவ்வளவு. எழுந்து நடந்த ஐந்து நிமிடத்துக்கு இதில் எதிலும் காசு இல்லை. எழுத்தாளனுக்கோ பல இதழ்களில் எழுதிய பக்கத்துக்கே காசு இல்லை. புத்தகக் கண்காட்சிக்குமுன் டிசம்பர் மாதத்தில் பதிப்பகங்களில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: இரவு இரண்டு மணிக்கு நாலாவது தேநீரோடு பக்கம் வடிவமைக்கும் இளைஞனிடம் அரை மணிக்கு ஒருமுறை எழுந்திரு தம்பி என்று சொல்வது கேலிபோல ஒலிக்கும். வேலையைக் கொடுக்கும் நாள் ஒரு மாதம் முந்தியிருந்தால் அதே வார்த்தை யோசனையாக ஒலிக்கும். ரமஸ்ஸினி சொன்ன மூன்றாவது காரணம், மனத்தின் இறுக்கம், பெரும்பாலும் இந்தத் தேதிகளிலிருந்துதான் வருகிறது.

அதனால் நான் கேட்பது ஒரு கணக்கு மாற்றம். எழுதுகிறவர் தன் வேலை நேரம் ஆறு மணி என்று சொன்னால், நடந்த நேரமும் மாடியில் உரக்கப் படித்த நேரமும் ஜன்னலோரம் நின்று தூரத்தைப் பார்த்த நேரமும் அந்த ஆறுக்குள் இருக்கட்டும். இதழாசிரியர் கெடு வைக்கும்போதும் பதிப்பாளர் கூலி பேசும்போதும் அந்த நேரத்தைச் சேர்த்தே பேசட்டும். அஞ்சலிக் கட்டுரைகளில், உடலை வருத்தி எழுதினார் என்பதைப் புகழ்ச்சியாக எழுதுவதை நாம் நிறுத்தலாம். எப்படி வருந்த நேர்ந்தது, யார் பணம் தரவில்லை, எந்த மருந்து வந்து சேரவில்லை என்று எழுதினால் படிக்கிற இளைஞனுக்கு உபயோகம். உடம்பைக் கவனிக்கும் நேரத்தை எழுத்து நேரத்திலிருந்து திருடியதாக நினைக்கும்வரை, வேலை கூடும் முதல் வாரத்திலேயே அது கைவிடப்படும். வேலையின் பகுதியாக எழுதிவைத்துவிட்டால், அதைக் கைவிடுவது ஒரு பக்கத்தைப் பிழை பார்க்காமல் அச்சுக்கு அனுப்புவது மாதிரியான தொழில் தவறு ஆகிவிடும். அந்த மாதிரித் தவறுகளைத்தான் நாம் வெட்கப்பட்டுத் திருத்திக்கொள்கிறோம்.